பீப்பாவில் வெட்டிய வாசல்

சீனக்குடாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சுவர் என்று தனியாக ஒன்று கிடையாது. கூரையே இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி, நிலத்தில் காலூன்றிச் சுவராகிவிடும். பெரிய தகரப் பீப்பா ஒன்றை நீளவாட்டில் பிளந்து பாதியைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஊரில் எல்லோருக்கும் அது பீப்பாதான். இங்கிலீசில் வேறு பெயர் உண்டென்று என் மகன் றுவைஸ் போனில் தேடிச் சொன்னான். முதலாம் உலக யுத்தத்தில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் யோசித்துச் செய்ததாம். வளைத்த தகரத்தையும் இரும்பையும் கப்பலில் அடுக்கிக் கொண்டுவந்து, ஒரு பொழுதுக்குள் நாலைந்து பேர் பூட்டிவிடுவார்களாம். யுத்தம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதானாம்.

"தற்காலிகக் கட்டடம் உம்மா," என்றான்.

எங்களுடையது இரண்டாம் யுத்தத்தில் துறைமுகத்துக்கு வந்த பட்டாளத்துக்காகப் பூட்டியது. பூட்டினவன் போய்ச் சேர்ந்து, அவனுடைய பேரனும் இப்போது கிழவனாகியிருப்பான். தற்காலிகம் இன்னும் நிற்கிறது.

வெள்ளைக்காரன் போன பிறகு இந்தப் பீப்பாக்கள் பார்க்காத வேலை இல்லை. ஒன்றில் நெல் போட்டார்கள். ஒன்றில் படம் ஓட்டினார்கள். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் வசனம் கேட்காது, சனம் வாயசைவைப் பார்த்துவிட்டு வரும். ஒன்றைக் கொஞ்சக் காலம் பள்ளிவாசலாக வைத்திருந்தோம். பீப்பா ஒரு பக்கம் பார்க்க, மக்கா இருக்கும் கிப்லாத் திசை வேறு பக்கம் இருந்ததால் தொழுகை வரிசைகள் கோணலாகத்தான் நின்றன. அல்லாஹ் அதற்குக் கோபித்ததாகத் தெரியவில்லை. பிறகு சண்டைக் காலம் வந்தது. ஓடிவந்த சனத்தை இருத்த அரசாங்கத்துக்கும் பீப்பாதான் அகப்பட்டது. ஒரு பீப்பாவுக்கு இரண்டு குடும்பம், நடுவில் ஒரு பலகைத் தட்டி. நானும் என் புருசன் முனாப்பும் மூதூரிலிருந்து வந்தோம். பலகைக்கு அந்தப் பக்கம் கப்பல்துறையிலிருந்து வந்த இன்பமலரும் அவள் புருசன் சிறிலும். வெவ்வேறு ஆட்களுக்குப் பயந்து ஓடி, ஒரே தகரத்துக்குள் வந்து சேர்ந்தோம்.

முகாம் கலைந்தபோது போக இடமுள்ளவர்கள் போனார்கள். நாங்கள் தங்கிவிட்டோம். காணிக்கு உறுதி, பேர்மிற் என்று எதுவும் எங்கள் வரிசையில் யாரிடமும் இல்லை. அதனால் எங்களுக்குள் என்ன சண்டை வந்தாலும் ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் காதுக்குப் போகவிடமாட்டோம். அவர் வந்து பார்த்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எழுப்பிவிடுவார் என்ற பயம்.

பீப்பாவுக்குள் வாழப் பழக வேண்டும். படத்தை மாட்டினால் அது சுவரோடு ஒட்டாமல் நம் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும். இன்பமலர் தன் திரு இருதய ஆண்டவரின் படத்தைக் கீழேயும் ஒரு கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருந்தாள். அலுமாரியைப் பக்கத்தோடு அணைக்க ஏலாது. அதற்குப் பின்னால் கிடைக்கும் இடுக்கில் பூனை குட்டி போடும். கட்டில் நடுவில்தான். இதெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். பெரிய சட்டம் ஒன்றே ஒன்று: பக்கத்தை வெட்டக்கூடாது. வாசல் என்றால் இரண்டு தலைமாட்டிலும்தான். பக்கத்தில் இருப்பது முழுக்க விலா. நிலத்திலிருந்து எழும்பி வளைந்து மறுபக்கம் நிலத்துக்கு இறங்கும் இரும்பு. அதை இடையில் அறுத்தால் மிச்சம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நெல்லுப் போட்ட பீப்பாவில் லொறி ஏற்றுவதற்கென்று பக்கத்தை வெட்டினார்கள். அடுத்த மாரிக்கே அது மாடு படுக்கிற மாதிரி முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது. நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். இன்பமலரும் வந்தாள். தெரியாமல் செய்தாள் என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

எங்கள் பாதி வடக்கே திறக்கும், அவர்கள் பாதி தெற்கே. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. சிறில் பிறஷர் வந்து செத்தபோதும் யோசிக்கவில்லை. அவர்களுடைய மகள் சுலக்ஷனா லிங்கநகரில் கலியாணம் முடித்து, புருசன் ஜனுஷன் கட்டாருக்குப் போன பிறகு, வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஜனுஷன் லீவில் வந்துபோன பிறகு உண்டான அடுத்ததும் அதே வீட்டில், அதே கட்டிலில் போனது. பலகைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு சுலக்ஷனா அழுவதைக் கேட்டவள் நான். மூன்றாவது முறை அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றபோது எங்களுக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் வந்தது.

இன்பமலர் கோயிலில் நேர்த்தி வைத்தாள். டொக்டரிடம் காட்டினாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஃபாதருக்குத் தெரியாமல் நிலாவெளிப் பக்கத்துச் சாத்திரி ஒருவரிடமும் போய்வந்தாள். வந்த கையோடு நேரே என் குசினிக்குள் நுழைந்தாள்.

"அக்கா, எல்லாத்துக்கும் அந்தத் தெற்கு வாசல்தான் காரணமாம். அது யமன்ர திசையாம். அதை அடைச்சுப்போட்டு கிழக்கால வாசல் வைக்கட்டாம். சுலக்ஷனா கிழக்கு வாசலால இறங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமாம். இல்லாட்டி இதுவும் தங்காதாம்."

"கிழக்கால எங்க வாசல் வைக்கிற? அது பக்கமெல்லோ."

"பக்கத்தைத்தான் வெட்டவேணும்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் வாய் நிற்காது.

"ஒனக்கு என்ன விசரா மலர்? நெல்லுப் பீப்பா கிடந்த கிடைய நீயும்தானே வந்து பாத்த? ஒண்ட பக்கத்த வெட்டினா என்ட பக்கம் நிக்குமா? இது ஒரே எலும்பு. ஒண்ட புள்ளைக்குத் தேவை டொக்டர். வாசல் இல்ல."

"டொக்டர் முந்தியும் இருந்தவர்தானே அக்கா. ரெண்டு தரமும் இருந்தவர்."

"அதுக்காக வீட்ட அறுக்கிறதா?"

"உங்களுக்கென்ன, உங்களுக்கு வடக்கு வாசல்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நாலு பெத்தனீங்கள். நாலும் இருக்குது."

இத்தனை காலமாக என் பிள்ளைகளை அவளும் தூக்கி வளர்த்திருக்கிறாள். அவள் மனதில் அப்படி ஒரு கணக்கு ஓடியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அன்று மாலை முனாப்பிடம் சொல்லி அழுதேன். அவர் பாவம், எதற்கும் தலையாட்டும் மனுசன். "வெட்டமாட்டா, சும்மா செல்லுறா," என்றார்.

கிண்ணியாவில் என் சகோதரி வீட்டுக் கலியாணம் வந்தது. குடும்பத்தோடு போய்க் கலியாணமும் விருந்தும் முடிந்து திரும்பினோம். எங்கள் வரிசைக்குள் ஓட்டோ திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பீப்பாவின் கிழக்குப் பக்கத்தில் நீலப் பெயின்ற் அடித்த ஒரு மரக் கதவு நின்றது. கடலுக்கு முகம் காட்டிக்கொண்டு, கல்வீட்டுக் கதவு மாதிரி, நிலையும் படியுமாக. இரண்டு விலாவை அறுத்திருந்தார்கள். வெட்டின வாய்க்கு இரண்டு பக்கமும் இரும்புத் தூண் ஊன்றி, மேலே ஒரு குறுக்குச் சட்டம் போட்டு ஒட்டியிருந்தது. லிங்கநகரில் இரும்பு ஒட்டுகிற வினோதன் என்ற பெடியனைக் கூட்டிவந்து செய்வித்தாளாம். தெற்கு வாசலைச் சீமெந்துக் கல் வைத்து அடைத்துப் பூசியும் ஆகிவிட்டது. நாங்கள் போகும்வரை காத்திருந்திருக்கிறாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கே போனேன். என்ன சொல்லப் போனேன் என்பதை எழுத ஏலாது, அவ்வளவு கெட்ட வார்த்தைகளும் வாயில் தயாராக இருந்தன. வாசற்படியில் சுலக்ஷனா உட்கார்ந்திருந்தாள். காலை வெயில் அவள் மடியில் விழுந்திருந்தது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு அந்த முகத்தில் நான் சிரிப்பைக் கண்டதில்லை.

"மாமி, இப்ப காத்து நல்லா வருது," என்றாள்.

"ஓம் புள்ள," என்றேன். திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நானும் இன்பமலரும் கதைக்கவில்லை. பைப்படியில் அவள் வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

கலியாணத்துக்கு வந்திருந்த றுவைஸ் போய்த் தூண்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். விலாக்கள் இறங்குவது வெள்ளைக்காரன் போட்ட கொங்கிரீற்றில். வினோதன் ஊன்றிய தூண்கள் மணலில் பரப்பிய செங்கல்லில் நின்றன. "மழைக்கு மணல் இளகினா தூண் இறங்கும்," என்றான். கொழும்பில் வேலைக்குத் திரும்புமுன் எங்கள் பக்கத்தில், வாசலை ஒட்டின விலாக்களுக்கு மூன்று முட்டு கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பக்கமும் முட்டுக் கொடுக்கப் போனவனை இன்பமலர் விடவில்லை. புது வாசல் வைத்த வீட்டுக்குள் முட்டு நிறுத்துவது கூடாதாம்.

மாரி தொடங்கியது. முதலில் சத்தம் மாறியது. காற்றடித்தால் முன்பு முழுப் பீப்பாவும் ஒரே குரலில் முனகும். இப்போது அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு குரலில் முனகியது. பிறகு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. முனாப் ஏணி வைத்து நட்டுகளை இறுக்கினார். இறுக்க இறுக்க அவை மறுநாள் தளர்ந்தன. நான் இன்பமலரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. எனக்கும் ரோசம் இருந்தது.

அது கடும் மழை பெய்த ஒரு பின்னேரம். முனாப் அஸர் தொழப் போயிருந்தார். ஒழுக்குக்கு ஒரு பேசின் வைக்க நான் உள்ளே வந்தேன். பீப்பாவில் மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் சுலக்ஷனாவுக்கு நோவு தொடங்கியதோ, டொக்டர் சொன்ன நாளுக்கு முந்தியே தொடங்கிவிட்டதால் இன்பமலர் பதறி, ஓட்டோக்காரர் ஒருவரும் போன் எடுக்காததால் தானே கண்டி றோட்டுக்கு ஓடியதோ எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது. சாரல் கட்டிலில் அடிக்கிறதென்று நீலக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் வைத்த பேசினுக்குள் ஏதோ விழுந்தது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு பழைய நட்டு. நிமிர்ந்து பார்த்தேன். கூரையின் முகடு நேராக இல்லை. தட்டிப் பலகைகள் வயிறு ஊதினமாதிரி என் பக்கம் வளைந்து நின்றன. அதில் சாய்ந்திருந்த என் அலுமாரி ஆடியது. காற்றுக்கு ஆடுகிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு அது தாளத்தோடு ஆடுவதைக் கண்டேன். அந்தப் பக்கமிருந்து யாரோ பலகையில் இடிக்கிறார்கள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததென்று தெரியாது. அலுமாரியை இழுத்து விழுத்தினேன். முனாப் தேங்காய் உரிக்க வைத்திருக்கும் அலவாங்கை எடுத்து வந்து பலகைகளுக்கிடையில் கொடுத்து நெம்பினேன். இரண்டு பலகை பெயர்ந்ததும் சுலக்ஷனாவின் முகம் தெரிந்தது. கையில் உலக்கை. அவளுக்குப் பின்னால் நீலக் கதவின் நிலை கோணிப்போய், மேற்சட்டம் கதவின் தலையில் குந்தியிருந்தது. தூண்கள் இறங்கிவிட்டன. இனி அந்தக் கதவை ஆனை வந்தாலும் திறக்க ஏலாது. தெற்குப் பக்கம் சீமெந்துக் கல்.

"வா புள்ள, வா."

அவள் வரவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஓட்டையின் விளிம்பில் நின்றாள்.

"மாமி, நான் இதால வரக்கூடாது. கிழக்காலதான் போகவேணும் எண்டு அம்மா சொன்னவ."

படித்த பிள்ளை. கிளினிக்குக்குத் தனியாகப் போய்வருகிற பிள்ளை. தலைக்கு மேல் இரும்பு கத்திக்கொண்டிருக்கிறது. வாசல் சரியில்லை என்று நிற்கிறாள். அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். பலகை ஆணி அவள் தோளைக் கிழித்தது. இழுத்துக்கொண்டே என் பாதிக்குள்ளால், றுவைஸ் கொடுத்த முட்டுகளுக்கிடையால், வடக்கு வாசலுக்கு வந்து மழையில் இறங்கினோம். வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேருமுன்னமே பின்னால் நிலம் அதிர்ந்தது. அவர்களுடைய பாதி முழுவதும் கிழக்குப் பக்கமாகச் சரிந்து படுத்தது. எங்கள் பாதியில் ஒரு துண்டு அதோடு போனது. முட்டுக் கொடுத்த பக்கம் மட்டும் நின்றது.

அந்த நேரம்தான் ஓட்டோ வந்தது. இன்பமலர் அது நிற்குமுன் குதித்தாள். விழுந்து கிடக்கும் தகரத்தைப் பார்த்தாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிட்டது மழையில் கேட்கவில்லை. சுலக்ஷனாவை அணைத்தபடியே நடந்து அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்பமலர் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப மகளைப் பார்த்தாள். எழும்பி அவளைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"எந்த வாசலால வந்தனீ?" என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீடு பாதி நிலத்தில் கிடக்கிறது. இவளுடைய பெண்ணைச் சாவுக்கு உள்ளிருந்து இழுத்து வந்திருக்கிறேன். இவள் கேட்கிற கேள்வி இது. நல்ல வார்த்தை நாலு கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு முகத்தை நான் மையித்து எடுக்கிற சாவு வீடுகளிலும் கண்டதில்லை.

"ஒண்ட வாசலாலதான்," என்றேன். "கிழக்கால."

"கதவு இறுகேல்லையோ?"

"இறுகித்தான் கிடந்த. ஒதைச்சுத் தொறந்த நான்."

சுலக்ஷனா என் கையை இறுக்கிப் பிடித்தாள். இன்பமலர் அப்போதுதான் அழத் தொடங்கினாள். சேறும் சகதியுமாக என் காலைப் பிடித்தாள். எழுப்பி ஓட்டோவில் ஏற்றினேன். பெரியாஸ்பத்திரியில் அன்றிரவு பெண் குழந்தை பிறந்தது. எடை காணாதென்று கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து தந்தார்கள்.

அவர்கள் லிங்கநகரில் ஜனுஷனின் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டார்கள். நானும் முனாப்பும் நின்ற துண்டுக்குள் இருக்கிறோம். பீப்பா விழுந்ததைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் கதைக்கவில்லை. பழைய தகரம், பெருமழை, விழுந்தது, அவ்வளவுதான். கதைத்ததெல்லாம் வாசலைப் பற்றித்தான். இரண்டு பிள்ளை தங்காத வீட்டில் வாசலை மாற்றினார்கள், வீடே விழுந்தும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கிழக்கு வாசல் தாயை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டது. கோயிலில் சொன்னார்கள், பைப்படியில் சொன்னார்கள், பேக்கரியில் பாண் வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். இன்பமலர் போகிற இடமெல்லாம் சொன்னாள். அவளில் எனக்குக் குறை இல்லை. அவளுக்கு அதைக் கொடுத்தவள் நான்தான்.

எங்கள் வரிசையின் கடைசிப் பீப்பாவில் முனாப்பின் தங்கை மகள் ஸஹ்ரா இருக்கிறாள். கலியாணம் முடித்துக் கனகாலம் கழித்து இப்போதுதான் வயிற்றில். அவளுடைய பாதியும் தெற்கே திறப்பது. ஒருநாள் போனபோது கிழக்குப் பக்கத் தகரத்தில் யாரோ சோக்கட்டியால் பெரிய சதுரம் ஒன்று கீறியிருப்பதைக் கண்டேன். புருசன் றம்ஸான் கீறினதாம். வினோதனிடம் சொல்லியும் வைத்தாயிற்றாம்.

"வாசல் பாக்கிறது நம்மட மார்க்கத்தில இரிக்கா?" என்று கேட்டேன்.

"இல்லத்தான் மாமி. ஆனா மலர் மாமிக்கு வாய்ச்சித்தானே," என்றாள்.

வெட்டினால் விழும் என்று சொன்னேன். விழுந்தும் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றாள். வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வரவில்லை. அவளுடைய பீப்பாவுக்குள் மறுபாதியில் சின்னப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தினுஷா என்று பெயர் வைத்து, லிங்கநகரில் மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். எங்களையும் ஸஹ்ராவையும் இன்பமலர் நேரில் வந்து அழைத்திருந்தாள். கோழியை எங்கள் ஆள் ஒருவரைக் கொண்டு அறுப்பித்து, எங்களுக்கென்று புதுச் சட்டியில் தனியாகச் சமைத்திருந்தாள். என்னை நல்ல கதிரையில் இருத்தி, வந்த சனத்துக்கெல்லாம் காட்டினாள். "இவதான் கதவை உதைச்சுத் திறந்தவ." குழந்தையை என் மடியில் வைத்தாள். கன்னம் வைத்து, நிறம் தேறி, வடிவாக இருந்தது. நான் அதன் விரலை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டிருந்தேன். ஒருவரின் முகத்தையும் பார்க்க எனக்கு மனமில்லை.

ஸஹ்ரா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டாள்.

"மாமி, நீங்க ஒருக்கா செல்லுங்க. இவர் இன்னும் ரெண்டு மனசா இரிக்கார். சுலக்ஷனா அந்தக் கிழக்கு வாசலாலதானே வெளிய வந்த?"

இன்பமலர் தட்டில் கேக் துண்டுகளோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள், என் வாயால் அதைக் கேட்க. சுலக்ஷனா உள்ளறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். ஸஹ்ராவின் கை அவளுடைய வயிற்றின் மேல் இருந்தது.

"இல்ல," என்றேன். "அந்தக் கதவு தொறபடவே இல்ல. பலகையப் பேத்து என்ட வாசலாலதான் இழுத்துக்கொண்டு வந்த நான். வடக்கால. றம்ஸான்ட செல்லு, பக்கத்தில கை வைக்க வேணாமெண்டு."

இன்பமலர் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சுலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். அது போதும்.

இன்பமலர் தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். முரட்டுத்தனமாக எடுக்கவில்லை. துணியை ஒழுங்காகச் சுற்றி, கழுத்துக்குக் கை கொடுத்து, பக்குவமாகத்தான் எடுத்தாள்.

"அப்ப ஏனக்கா அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஒண்ட முகத்தப் பாத்திட்டுத்தான் மலர்."

"இண்டைக்கும் அந்த முகம்தானே அக்கா," என்றாள். "இண்டைக்கு ஏன் பாக்கேல்லை?"

அவள் தோளில் கிடந்த குழந்தை தும்மியது. கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ "நூறு வயசு" என்றார்கள். இன்பமலர் திடுக்கிட்டு, அதன் நெஞ்சில் கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.